பந்தைப் பிடித்திருந்த விரல்

ஹானுஸுக்கு விடைகொடுக்கச்
சங்கத்திலிருந்து ஒரு கடிகாரம் வந்தது,
தபாலில்.
முகவரியில் வீட்டு எண் தப்பு.
எதிர்வீட்டு மரியூன் இரண்டு நாள் வைத்திருந்து
காய்ந்த மீனோடு சேர்த்துக் கொடுத்தாள்.

அறுபத்தோரு ஆட்டம். ஏழு கோல்.
ஏழில் ஒன்று முதுகில் பட்டுப் போனது,
அதுவும் கணக்குதான்.
வெளிநாட்டுக்காரர்களிடம் சொன்னால்
மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.
அவர்களுக்கு எப்படி விளக்குவது,
ஃபாரோ தீவுகளில் முன்கள வீரன் என்பவன்
பந்தே வராத திசையில்
தொண்ணூறு நிமிடம் ஓடத் தெரிந்தவன் என்று.

நாங்கள் பத்துப் பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் சுவர்.
அவன் மட்டும் தூரத்தில்,
கட்ட மறந்த படகு மாதிரி.
எப்போதாவது ஒரு பந்தை அடித்துத் துரத்துவோம்.
அது மேலே போய், காற்றிடம் வழி கேட்டு,
எங்களிடமே திரும்பி வரும்.
ஹானுஸ் அங்கிருந்து கைதட்டிக் கத்துவான்:
"நல்ல பந்து!"
கிண்டல் இல்லை. நிஜமாகவே சொல்வான்.
அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வாரநாளில் கிளாக்ஸ்விக் மீன் ஆலையில் மின்வேலை.
குளிர் அறையில் வயர் இழுத்துவிட்டு
செவ்வாய் மாலை விமானம் ஏறுவான்.
புதன் இரவு, அவனுடைய வருடச் சம்பளத்தை
ஒரு வாரத்தில் வாங்குகிறவர்களின் எதிரே நிற்பான்.
வியாழன் காலை ஏழு மணிக்கு
மறுபடி குளிர் அறை.
மேலாளர் கேட்பார்: "எத்தனை?"
"ஐந்து."
"பரவாயில்லையே, போன தடவை ஆறு."

ஒரே ஒரு தடவை,
ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தபோது
எண்பத்தெட்டாம் நிமிடம்
எங்களுக்குப் பெனால்டி.
கூரைத் தகடு பறக்கிற காற்று அன்றைக்கு.
வைத்தான், உருண்டது.
வைத்தான், உருண்டது.
நடுவர் என்னைப் பார்த்தார்.
நான் புல்லில் குப்புறப் படுத்து
ஆள்காட்டி விரல் நுனியால்
பந்தின் உச்சியை அழுத்திக்கொண்டேன்.
கன்னமெல்லாம் சேறு. தரை வழியாக அவன் காலடி கேட்டது.
ஆறு எட்டு ஓட்டம் அவனுக்கு.
நான்காவதில் கண்ணை உயர்த்தினேன்.
அவன் கோலைப் பார்க்கவில்லை,
காப்பாளனையும் பார்க்கவில்லை.
என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவனைப் போல
மெதுவாக ஒரு உதை.
காப்பாளன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

காற்று, என்று எழுதியது பத்திரிகை.
பயம், என்றார் பயிற்சியாளர்.
பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து
உரித்த ஆரஞ்சில் பாதியைப் பின்னால் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
கேட்கவில்லை. பதினான்கு வருடமாகக் கேட்கவில்லை.
நான் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவன்.
அது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரத்தைக்
குளிர் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறான்.
உறைபனியில் தினம் நாலு நிமிடம் பின்தங்குகிறது.
சரிபார்க்கலாமே என்றால்
"இருக்கட்டும், காயநேரம்" என்கிறான்.

போன ஞாயிறு கடைசி வரிசையில் இருந்தான்,
சுருதியில் சேராத குரலில், எல்லாருக்கும் அரை வரி முன்னால்
பாடிக்கொண்டு.
மூன்றாம் பாட்டில்
என் விரல் ஒரு கட்டை தவறி விழுந்தது.
பெரிய குழாய், பெரிய சத்தம்.
பாதிரியார்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்தால் மழை சாய்வாக அடிக்கிறது.
கார் கதவைக் காற்று பிடுங்கிவிடாமல்
இடுப்பால் அணைத்துப் பிடித்துக்கொண்டு
ஹானுஸ் கத்துகிறான்:
"நல்ல பந்து!"